பேஸ் கிட்டாரில் கை நிற்கும் இடம்

1951இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது, ஆளுயர டபுள் பேஸை அணைத்து நின்று வாசித்தவர்களுக்குத் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கிடைத்தது. நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட் இருந்ததால் சுரம் பிசகவில்லை. 'பிரிசிஷன்' என்ற பெயரும் அதனால் வந்ததுதான்.

ஆனாலும் இடது கைக்கு அது பெரிய கருவி. தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். ஃபெண்டரின் சாதாரண கிட்டாரில் அது 25.5 அங்குலம்தான். பேஸின் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர். அங்கே ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று விரித்து வைத்தால் மணிக்கட்டு மடங்கும், கட்டைவிரல் நெக்கை இறுக்கிப் பிடிக்கும், சிறிது நேரத்தில் அதன் அடிச்சதை கடுக்கத் தொடங்கும்.

இதற்கு வழி டபுள் பேஸிலேயே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆசிரியர் ஃபிரான்ஸ் சிமாண்டலின் முறையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றும் வாசிக்கும். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணை நிற்கும். கீழ் ஃப்ரெட்டுகளில் இப்படி மூன்று ஃப்ரெட்டை மட்டும் பிடித்து, தேவைப்பட்டால் கையையே நகர்த்துவது நல்லது. மேலே போகப்போக இடைவெளி குறைகிறது, பன்னிரண்டாம் ஃப்ரெட்டைத் தாண்டினால் பாதிதான். அங்கே நான்கு விரலும் தாராளமாக அமரும்.

அழுத்தும் இடமும் முக்கியம். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் மெல்ல அழுத்தினால் தந்தி கரகரக்கும். அதே அழுத்தத்தோடு விரலை ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால் நாதம் தெளியும். ஒரு சுரத்தை மீட்டிக்கொண்டே பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பாருங்கள். கரகரப்பு எழும் புள்ளிக்குச் சற்று மேலே இருக்கும் அழுத்தமே போதும். பெரும்பாலானவர்கள் அதைவிட மிக அதிகமாக அழுத்துகிறார்கள்.

இனி வலது கை. மோடவுன் நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். டபுள் பேஸிலிருந்து வந்த பழக்கம் அது. இன்று பலரும் இரண்டு விரலை மாற்றி மாற்றி மீட்டுகிறார்கள். மீட்டிய விரல் அடுத்த தந்தியில் போய்ச் சாய்ந்து நிற்கும். கட்டைவிரல், தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பின் மேல் ஊன்றியிருக்கும். கை மெல்லிய தந்திகளுக்குப் போகும்போது அது இறங்கி, தடித்த தந்தியின் மேல் அமர்ந்து அதன் வீண் அதிர்வையும் அடக்கிவிடும்.

இவ்வளவும் செய்தும் இடது கை தடுமாறினால் ஸ்ட்ராப்பைப் பார்க்க வேண்டும். பல பேஸ்களில் தலைப்பக்கம் கனம் அதிகம். விட்டால் நெக் கீழே சரியும். அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் கை சுதந்திரமாக வாசிக்க முடியாது. உட்புறம் சொரசொரப்பான அகலத் தோல் ஸ்ட்ராப் அந்தச் சரிவைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். உட்கார்ந்து பயிலும்போதும் அதை மாட்டிக்கொண்டால், மேடையில் எழுந்து நிற்கும்போது கருவி அதே உயரத்தில் இருக்கும்.