உங்களுக்கும் ஆடுச்சா?

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து சென்னை அலுவலகங்களில் எல்லோரும் இருக்கைக்குத் திரும்பியிருந்த நேரம். ஆறாவது மாடியில் இருந்த எனக்குத் தலை சுற்றியது. காலையில் சாப்பிடாமல் ஓடிவந்ததால்தான் என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலி மெல்ல ஒரு பக்கம் போய்த் திரும்புவது போலிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடி நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தார். எதிரே இருந்த தண்ணீர் கேனுக்குள் நீர் ஒருபுறம் ஏறி மறுபுறம் சாய்ந்ததைப் பார்த்த பிறகுதான் யாரோ வாய்விட்டுக் கேட்டார்: "உங்களுக்கும் ஆடுச்சா?"

அந்தக் கேள்வி வரும்வரை ஒவ்வொருவரும் தனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்திருந்தோம். படியிறங்கி வாசலுக்கு வந்தால் டீக்கடைக்காரர், "என்ன சார், எல்லாரும் ஒண்ணா இறங்கி வர்றீங்க?" என்றார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அவர் பாய்லர் வைத்திருந்த அதே தரைமீதுதான் எங்கள் கட்டடமும் நின்றது. அன்று பலர் வீட்டில் இதனாலேயே சண்டை வந்தது. ஆடியது என்று மாடியில் இருந்தவர் சத்தியம் செய்ய, பிரமை என்று கீழே இருந்தவர் சொல்ல. இருவர் சொன்னதும் உண்மைதான்.

அன்று மதியம் 2 மணி 8 நிமிடத்துக்கு சுமத்ராவுக்கு மேற்கே, கடலுக்கடியில், 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கிருந்து சென்னை ஏறக்குறைய 1,850 கிலோமீட்டர். நிலநடுக்கத்தின் முதல் அலை நாலு நிமிடத்தில் இங்கே வந்துவிடும். பெரும்பாலும் யாரும் அதை உணர்வதில்லை. உடம்பை ஆட்டும் பெரிய அலைகள் வர ஏழெட்டு நிமிடம் ஆகும். இந்த நீண்ட பயணத்தில் பாறை அவற்றைச் சலித்துவிடுகிறது. தூரத்துக் கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் பாடும்போது பாட்டின் வரிகள் நம் காதுக்கு வராது, "டும், டும்" மட்டும் வரும் இல்லையா, அதுபோல. படபடவென்று வரும் வேகமான அதிர்வுகள் வழியிலேயே கரைந்துபோகும். ஓர் அசைவுக்குப் பல விநாடி எடுக்கும் மெதுவான அதிர்வுகள் மட்டும் வந்து சேரும்.

ஊஞ்சலுக்கு ஒரு தாளம் உண்டு, அந்தத் தாளத்தில் தள்ளினால் சின்னக் குழந்தைகூட பெரியவரை உயரத்துக்கு ஆட்டிவிடலாம். கட்டடத்துக்கும் அப்படியொரு தாளம் உண்டு. தோராயமாகச் சொன்னால் ஒரு மாடிக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு மாடி வீடு ஒருமுறை ஆடி முடிக்க 0.2 விநாடி போதும், இருபது மாடிக் கட்டடத்துக்கு இரண்டு விநாடி வேண்டும். தொலைவிலிருந்து வரும் மெதுவான அலைகள் உயரமான கட்டடத்தின் தாளத்துக்குத்தான் அருகில் இருக்கும். உச்சி மாடிதான் அதிகம் அசையும். டீக்கடையில் நிற்பவரின் கால் தரையோடு சேர்ந்து மிக மெதுவாக, மிகக் கொஞ்சம்தான் நகர்கிறது. நடமாடுகிற, பால் ஆற்றுகிற மனிதருக்கு அது தெரிய வழியில்லை.

ஏன் எல்லோருக்கும் தலைசுற்றலாகவே தோன்றியது? உட்காதில் சமநிலையைக் காக்கும் உறுப்பு "நகர்கிறோம்" என்கிறது. கண் "இல்லை" என்கிறது, ஏனென்றால் மேஜை, சுவர், ஜன்னல் எல்லாம் நம்மோடு சேர்ந்தே ஆடுகின்றன. இரண்டு சாட்சிகள் முரண்படும்போது மூளைக்கு வருவது கப்பலில் வருகிற அதே மயக்கம். சிலருக்கு அது அன்றிரவு வரை நீடித்தது, படுத்தால் கட்டில் ஆடுவது போலவே இருந்தது என்றார்கள். நிலநடுக்கம் அன்றாடமாகிவிட்ட ஜப்பானில் இதற்கென்றே 'ஜிஷின்யோய்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 2011 மார்ச் நிலநடுக்கப் பேரிடருக்குப் பிறகு வாரக்கணக்கில் அதோடு வாழ்ந்தவர்கள் அங்கே உண்டு. இந்த உணர்வைச் சொல்பவரை, தயவுசெய்து, பயந்தாங்கொள்ளி என்று ஒதுக்காதீர்கள்.

பக்கத்தில் நடக்கும் நிலநடுக்கத்தின் குணம் வேறு. 2001 செப்டம்பர் 25 இரவு எட்டு மணிக்கு மேல் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் வந்தது 5.5 தான். வெளியான ஆற்றலில் 2012இல் வந்தது அதைப் போல் பல்லாயிரம் மடங்கு. ஆனாலும் சென்னையில் ஓட்டு வீட்டிலும் தரைத்தளத்திலும் இருந்தவர்கள்கூட அதை உணர்ந்தார்கள். பாத்திரம் கிணுகிணுக்கும், கதவு தடதடக்கும், கனரக லாரி போனது போல ஒரு உறுமல் வரும். 2001 ஜனவரி 26இல் குஜராத்தை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பின், 2002இல் திருத்திய நிலநடுக்க அபாய வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. சென்னைக்கு நிலநடுக்கமே வராது என்று இன்னும் வீடு விற்பவர்கள் சொன்னால் நம்பவேண்டாம்.

2012இல் தெருவுக்கு வந்த எல்லோருக்கும் அடுத்து வந்த நினைப்பு கடல். 2004 சுனாமியைப் பார்த்த ஊர் அல்லவா. 2012இல் விடுத்த சுனாமி எச்சரிக்கையும் சரியானதே. ஆனால் 2004இல் கடல்தளம் மேலே தூக்கப்பட்டுத் தண்ணீரைத் தள்ளியது. 2012இல் நிலத்தின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசியபடி பக்கவாட்டில் நகர்ந்தன. இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் வந்த இன்னொன்றும் அப்படியே. தண்ணீர் பெரிதாக எழவில்லை.

அன்று நாங்கள் செய்த ஒரு தவறு, ஆட்டம் நிற்குமுன் படிக்கட்டை நோக்கி ஓடியது. நெரிசலில் விழுந்து அடிபடுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சந்தேகம் வந்ததும் தொங்கும் பொருளையோ தண்ணீரையோ பாருங்கள். ஆடினால் உறுதியான மேஜைக்கடியில் குனிந்து, தலையை மறைத்து, மேஜைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு படிவழியே இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம்.

பிறகு, மறப்பதற்குள் எழுதி வையுங்கள்: எத்தனை மணி, எந்த மாடி, உட்கார்ந்திருந்தீர்களா நடந்தீர்களா, எவ்வளவு நேரம், எது அசைந்தது. ரிக்டர் போன்ற அளவுகோல் நிலநடுக்கத்துக்கு ஒரே எண்ணைத்தான் தரும். ஒவ்வொரு தெருவிலும் அது எப்படி இருந்தது என்பதைச் சொல்ல மெர்காலியின் பெயரால் வழங்கும் வேறொரு அளவுகோல் உண்டு, ஒன்று முதல் பன்னிரண்டு வரை. அதன் மூன்றாம் படியின் விளக்கத்தைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது: மேல்மாடியில் இருப்பவர்கள் நன்றாக உணர்வார்கள், பலர் அதை நிலநடுக்கம் என்றே அறியமாட்டார்கள். அந்தப் படியைக் குறிக்க மக்களின் வாக்குமூலமே ஆதாரம். டெல்லியில் உள்ள தேசிய நிலநடுக்க ஆய்வு மையம் பொதுமக்களிடமிருந்து அதைக் கேட்டு வாங்குகிறது. ஒன்றும் தெரியவில்லை என்ற டீக்கடைக்காரரின் பதிலும், ஆட்டம் எங்கே எப்படி உணரப்பட்டது என்று காட்டும் வரைபடத்தில் ஒரு புள்ளிதான்.