நீர் வரும் முன் – 6: அரிசி இருக்கிறது, தண்ணீர்?

2015 டிசம்பர் 2 அன்று சென்னையில் ‘தி இந்து’ நாளிதழ் வெளிவரவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகை அது. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர வழியில்லாமல் போனது. அன்று காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். இரவெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றுக்குள் இறங்கியது. விமான நிலையத்தை மூடினார்கள். ரயில்கள் நின்றன. செல்போன்கள் சிக்னலை இழந்தன, ஏ.டி.எம். வாசல்களில் ஷட்டர் இறங்கியது. ஒரு பால் பாக்கெட்டுக்கு நூறு ரூபாய் கேட்டார்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளில் அதையும் கொடுத்து வாங்கினார்கள்.

வானிலை மையத்தின் எச்சரிக்கைகளை எப்படிப் புரிந்துகொள்வது என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் வீட்டுக்குள், நேராக அடுக்களைக்கு வருவோம்.

அந்த நாட்களைக் கடந்து வந்தவர்களிடம் முதலில் எது தீர்ந்தது என்று கேளுங்கள். அரிசி என்று சொல்பவர் குறைவு. நம் வீடுகளில் அரிசிக்கு எப்போதும் ஒரு டின்னும் மூட்டையும் உண்டு. மாதக் கடைசியிலும் அடியில் நாலு படி கிடக்கும். தீர்ந்தது தண்ணீர்தான்.

ஏன் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நகரத்து வீட்டில் தண்ணீர் பூமிக்கு அடியில் சம்ப்பில் இருக்கிறது. மோட்டார் ஓடினால்தான் அது மாடித் தொட்டிக்கு ஏறும். வெள்ளம் வரும்போது மின்சாரத்தை வாரியமே நிறுத்திவிடுகிறது. நிறுத்தத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தெருத் தண்ணீரில் கால் வைத்தவர் உயிர் போகும். அதோடு மோட்டார் ஊமையாகிறது. அதே நேரத்தில் பாதாளச் சாக்கடை நிரம்பி, தெருத் தண்ணீரோடு கலந்து, சம்ப் மூடியின் இடுக்கு வழியாக உள்ளே இறங்குகிறது. பத்தாயிரம் லிட்டர் சேமிப்பு ஒரே இரவில் குடிக்க உதவாத தண்ணீராகிவிடுகிறது. குழாயைத் திறந்தால் காற்று வரும். தண்ணீர் லாரியும் கேன்காரரும் தெருமுனையைத் தாண்டி வர முடியாது.

டெல்டாவில் இதே கதை வேறு விதமாக நடந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் உள்கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அங்கே வெள்ளம் வடியக் காத்திருக்கவில்லை யாரும். ஆழ்குழாய்க் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது, மேலே கொண்டுவரத்தான் வழியில்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று காசு போட்டு, ஊர்த் தொட்டியை நிரப்பினார்கள். அதே ஜெனரேட்டரில் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் வரிசை நின்றது. கை பம்பு பழுதில்லாமல் இருந்த தெருக்கள் தப்பித்தன. அடிகுழாய்தானே என்று நாம் துருப்பிடிக்க விட்ட அந்த இரும்புக் கம்பியின் அருமையைக் கஜாவுக்குப் பிறகு பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆகவே இருப்புக் கணக்கைத் தண்ணீரில் தொடங்குங்கள். குடிக்கத் தலைக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர், சமையலுக்கு 2 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 20 லிட்டர், அதாவது ஒரு நாளைக்கு ஒரு கேன். வெளியிலிருந்து உதவி வர மூன்று நாள் ஆகும் என்று வைத்துக்கொண்டால் குறைந்தது மூன்று கேன். ஆற்றங்கரை, ஏரிக்கரை, தாழ்வான நகர்ப் பகுதி என்றால் ஒரு வாரக் கணக்கே சரி. அத்தனை கேன் வாங்க வேண்டியதில்லை. கல்யாணச் சீராக வந்து பரணில் கிடக்கும் எவர்சில்வர் அண்டாவையும் மூடி போட்ட குடங்களையும் இறக்கிக் கழுவி, நல்ல தண்ணீர் பிடித்து, துணி கட்டி மூடி வையுங்கள். மொள்ளுவதற்குக் காம்பு நீண்ட கரண்டி ஒன்று வேண்டும்; கையை விட்டு மொண்டால் சேமித்ததே நோயாகிவிடும். புயல் நெருங்கும்போது செய்ய வேண்டிய முதல் வேலை, மின்சாரம் இருக்கும்போதே மாடித் தொட்டியைத் தளும்ப நிரப்புவது.

கொதிக்கவைத்துக் குடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் கிருமிகள் சாகும், உண்மைதான். ஆனால் அது கேஸைத் தின்னும். நல்ல தண்ணீரை முன்கூட்டிப் பிடித்து வைப்பது அடுப்பையும் மிச்சப்படுத்துகிறது. அவசரத்துக்குக் குளோரின் மாத்திரை ஓர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கழிப்பறைக்கு நல்ல தண்ணீர் வேண்டாம். மொட்டைமாடிக் குழாயின் அடியில் வாளி வைத்தால் மழையே தரும். தரைத்தள வீடுகளில் சாக்கடை எதிர்த்துக் கழிப்பறை வழியாக உள்ளே வரும். கோப்பையின் மேல் மணல் மூட்டை ஒன்றை இறுக்கி வைத்தால் பெருமளவு தடுக்கலாம்.

இனி அடுப்பு. இன்டக்‌ஷன் அடுப்பு அன்றைக்கு உதவாது. ஒற்றை சிலிண்டர் வீடுகள் அக்டோபர் தொடக்கத்திலேயே அடுத்ததைப் பதிந்துவிட வேண்டும், அல்லது 5 கிலோ சிறு சிலிண்டர் ஒன்றை வாங்கி வைக்கலாம். பலருக்குத் தெரியாத விஷயம்: காலி சிலிண்டர் மட்டுமல்ல, நிறைந்த சிலிண்டரும் வெள்ளத்தில் மிதக்கும். குழாயோடு சேர்ந்து மிதந்து இழுபட்டால் கசியும். தண்ணீர் படியேறும் அறிகுறி தெரிந்தவுடன் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, உயரத்தில் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

உணவைப் பற்றி எழுதும்போது அரிசிக்கே திரும்ப வருகிறேன். அரிசி இருந்தால் போதும் என்ற நம்பிக்கைதான் நம்மை ஏமாற்றுகிறது. களைந்து, உலை வைத்து, வடித்து எடுக்கும் சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது, எவ்வளவு நேரம் அடுப்பு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். நெருக்கடி நாட்களில் குக்கரில் வடிக்காமல் வேகும் கஞ்சியும், பாசிப்பருப்புப் பொங்கலும், ரவை உப்புமாவும்தான் கை கொடுக்கும். அதற்கும் முன்னால், அடுப்பே வேண்டாத உணவுக்கு இடம் கொடுங்கள். நனைத்தால் போதும் அவலுக்கு. பொரி, பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, வெல்லம், பேரீச்சை, சத்துமாவு, ரஸ்க். இவை எல்லாம் நம் கடைத்தெருவில் எந்த மூலையிலும் கிடைக்கும், குழந்தையும் கிழவியும் தின்னும், மாதக்கணக்கில் கெடாது. ரவையை வறுத்து வைத்தால் மழை ஈரத்தில் வண்டு பிடிக்காது. பால் இல்லாமல் முடியாது என்பவர்கள் மாதக்கணக்கில் கெடாத டெட்ரா பாக்கெட் பாலும் பால் பவுடரும் வாங்கி வைக்கலாம். ஃபிரிட்ஜில் இருக்கும் இட்லி மாவை இருப்பாகக் கணக்கிடாதீர்கள். மின்சாரம் போன மறுநாள் அது பொங்கி வழியும்.

நம் பாட்டிமார்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் வத்தலும் வடகமும் காய்ந்தன, வருஷப் புளி கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில் ஏறியது, மிளகாய் மூட்டையாக வந்தது. தஞ்சாவூர் வீடுகளில் நெல்லுக்குப் பத்தாயமும் குதிரும் இருந்தன. ஐப்பசி, கார்த்திகையில் காய்கறி வராது, விறகு நனையும் என்று தெரிந்தே அந்த வெயிலைச் சேமித்தார்கள். பத்து நிமிடத்தில் மளிகை வாசலுக்கு வரும் காலத்தில் அந்த அலமாரி சுருங்கிவிட்டது. பழைய வாழ்க்கைக்கு ஏங்கி இதைச் சொல்லவில்லை. பத்து நிமிட வண்டி ஓடாத மூன்று நாட்களுக்கு மட்டும் அந்தப் புத்தி நமக்கு வேண்டும்.

மருந்துக்கு வருகிறேன். இருப்பில் நாம் மிகவும் அலட்சியமாக இருப்பது இதில்தான், உயிர் போவதும் இதில்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, தைராய்டு, ஆஸ்துமா, இவற்றுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மழைக்காலம் முழுவதும் குறைந்தது இரண்டு வார மருந்து கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டை தீர்ந்த பிறகு வாங்கும் பழக்கத்தை இந்த மூன்று மாதத்துக்காவது விட்டுவிடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் மின்சாரம் போனதும் பதறிப்போய் மருந்தைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின், வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும். வகைக்கு வகை கொஞ்சம் மாறும், அட்டையில் போட்டிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். ஒரு மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பி, பிளாஸ்டிக் உறையில் கட்டிய மருந்தை உள்ளே வைத்தால் குளிர்ச்சி நிற்கும். ஐஸில் நேராக வைத்து உறைய விட்டால்தான் கெட்டுப்போகும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் எச்சரிக்கை வந்தவுடன் மருத்துவமனையில் பேசி, முறையை முன்னதாக மாற்றிக் கேட்க வேண்டும். பிரசவ தேதி நெருங்கிய பெண்களைப் புயலுக்கு முன்பே அரசு மருத்துவமனைகளில் சேர்த்துவிடும் ஏற்பாடு நம் மாநிலத்தில் இருக்கிறது. “வலி வரட்டும், போய்க்கலாம்” என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், அவர்களிடம் உட்கார்ந்து பேசி அழைத்துப் போங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள், காய்ச்சல் மாத்திரை, நாப்கின், குழந்தைக்கான துணிகள், இவை ஒரு பையில். மூக்குக் கண்ணாடி பழையது ஒன்று இருந்தால் அதையும் போட்டு வையுங்கள்.

டார்ச், பவர் பேங்க், பேட்டரி ரேடியோ, தீப்பெட்டி பற்றி நீட்ட வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். சில்லறை நோட்டாக இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வைத்திருங்கள், டவர் இல்லாத ஊரில் க்யூஆர் அட்டை வெறும் படம். தேவையான எண்களைச் சுவரில் எழுதுங்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108. ரேஷன் கார்டு, பட்டா, படிப்புச் சான்றிதழ் எல்லாம் ஜிப் உறையில் போட்டு உயரத்தில் இருக்கட்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நகல் ஆவணம் தர அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது.

எதை வாங்குவது என்பதைவிட எப்போது வாங்குவது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. நடுவில் ஒரே ஒரு நாள். 25-ஆம் தேதி காலை கடைகளிலும் சந்தைகளிலும் திரண்ட கூட்டத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தொடர்ந்த நாட்களில் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, மே 5 அன்று அதை மூடினார்கள். நாலு நாள் காய்கறி இல்லாமல் ஒரு வீடு பிழைத்துவிடும். ஆனால் அலமாரியில் எதுவும் இல்லாத வீடு அப்படி யோசிக்காது, ஓடத்தான் செய்யும்.

சிவப்பு எச்சரிக்கை வரும் நாளிலும் இதுவே நடக்கிறது. மாதச் சம்பளக்காரர் காரில் வந்து ஐந்து ரொட்டி, பத்து பால் பாக்கெட், இருபது மெழுகுவத்தி என்று அள்ளிக்கொண்டு போகிறார். மாலை ஆறு மணிக்கு அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு சித்தாள் வேலை முடித்து வரும் அம்மாவுக்குக் கடையில் ஒன்றும் இல்லை. அவருக்கு அன்றுதான் காசு கிடைத்தது. அவரால் புரட்டாசியிலேயே வாங்கி வைத்திருக்க முடியாது. அந்தக் கார்க்காரரால் முடியும். முன்கூட்டிச் சேர்க்க வசதி உள்ளவர்கள் முன்கூட்டிச் சேர்த்துவிட்டால், கடைசி நாள் கடை அன்றாடங்காய்ச்சிகளுக்கு மிஞ்சும். வசதியுள்ள வீட்டின் இருப்பை நான் தற்காப்பாக மட்டும் பார்க்காததற்குக் காரணம் இதுதான். ஆகஸ்டு கடைசியிலிருந்து வாரத்துக்கு ஒரு பொருள் கூடுதலாக வாங்குங்கள். ஒரு வாரம் அவல், ஒரு வாரம் சத்துமாவு, ஒரு வாரம் மாத்திரை. பொங்கல் கழிந்ததும் மிஞ்சியதைச் சாப்பிட்டுத் தீர்த்துவிடலாம், எதுவும் வீணாகாது. புயல் பற்றிய முதல் முன்னறிவிப்பு ஏறக்குறைய 72 மணி நேரத்துக்கு முன் வரும். அது தொட்டியை நிரப்பவும், சார்ஜ் ஏற்றவும், சாமானை உயரத்தில் ஏற்றவும் உள்ள நேரம். கடைக்குப் போகும் நேரம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

புயல் இல்லாமலும் பேரிடர் வரும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் புயல் எதுவும் வரவில்லை. 18-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளத்தின் அடியிலிருந்த மண் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள், சுற்றிலும் வெள்ளம். ஹெலிகாப்டர் வந்து உணவு போடுவதற்கு முன், பக்கத்துக் கிராமத்து மக்கள் தங்கள் வீடுகளில் இருந்ததைத் திரட்டிச் சமைத்து அவர்களுக்குப் போட்டார்கள். அந்த ஊரும் வெள்ளத்தில்தான் இருந்தது.

உங்கள் தெருவில் இப்படிச் சேர்ந்து வைக்கக் கூடியது எது என்று பேசிப் பாருங்கள். ஒரு பெரிய கயிறு, ஒரு ஜெனரேட்டர், பழுதுபார்த்த அடிகுழாய், நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் என்ற குறிப்பு. மாடியில்லாத வீட்டுக்காரர்கள் யார் மாடிக்குப் போவார்கள் என்பது இப்போதே முடிவாகியிருக்கட்டும்.

அடுத்த வாரம்: வெள்ளம் புகுந்த சம்ப்பை எப்படிக் கழுவுவது, வீட்டுக்கு மின்சாரத்தை எப்போது திரும்பப் போடலாம், நனைந்த தானியத்தில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொட்டுவது.

(தொடரும்)