தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

"நாள் ஒன்றுக்கு 8 டம்ளர் தண்ணீர் கட்டாயம்" என்று பலர் சொல்வது உண்டு. எல்லாருக்கும் பொருந்தும் அப்படி ஓர் அளவு கிடையாது.

1945-ம் ஆண்டில் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, ஒருவருக்கு இரண்டரை லிட்டர் தேவை என்று கூறியது. அதில் பெரும்பகுதி உணவிலேயே கிடைத்துவிடும் என்றும் கூறியது. சோறு, ரசம், மோர், டீ எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கிறது.

வேலைக்கு ஏற்ப

மின்விசிறியின் கீழ் எழுதும் குமாஸ்தா, தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும். மும்பை வெயிலில் மூட்டை சுமப்பவருக்கும், பட்டறையில் நெருப்பின் முன் நிற்பவருக்கும் அது போதாது. தாகத்துக்குக் காத்திராமல், 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். வியர்வையில் உப்பும் போய்விடும். உப்பு போட்ட மோரோ, கஞ்சியோ நல்லது.

பயந்து குடிக்காதவர்கள்

வழியில் கழிப்பிடம் கிடைக்காதே என்று பயந்து, தண்ணீரே குடிக்காமல் ரெயில் ஏறுகிறவர்கள் உண்டு. குறிப்பாகப் பெண்கள். இது வழக்கமானால் சிறுநீரகத்தில் கல் உண்டாகலாம்.

சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் கவலை இல்லை. அடர்ந்த மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை.

இருதய நோயாளிகளும், சிறுநீரக நோயாளிகளும் டாக்டர் சொல்லும் அளவே குடிக்க வேண்டும்.