எந்தப் புல்லுக்கு எந்த மருந்து?

ஆடி பிறந்து மழை வலுத்துவிட்டால், ஜபல்பூர் ரயில்வே குடியிருப்பில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கவலை தவறாமல் வந்து சேரும். வீட்டின் முன்னால் பாய் விரித்தாற்போல் இருந்த புல்தரையில் கண்ட கண்ட பூண்டுகள் தலைதூக்கும். பக்கத்துப் பூப்பாத்தியிலோ, சாமந்தியையும் ரோஜாவையும் தேடிப் பார்க்கவேண்டிய அளவுக்குப் புல் மண்டிவிடும். காரியாலயத்திலிருந்து வீடு திரும்பிய பின் களைக்கொட்டைக் கையில் எடுக்க எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கும்? ‘மருந்து அடித்துவிட்டால் என்ன?’ என்ற எண்ணம் அப்போதுதான் எழுகிறது. சங்கத்து அன்பர்கள் பலர் இதுபற்றி நம்மிடம் கேட்டு வருகின்றனர். நாம் தோட்டக்கலை வல்லுநர் அல்லோம். ஆயினும் இவ்விஷயத்தில் ஒருமுறை நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டோம் என்ற தகுதி நமக்கு உண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாதத்தில், கடைத்தெருவுக்குச் சென்று ‘காஸ் மார்னே கீ தவா’, அதாவது புல்லைச் சாகடிக்கும் மருந்து, வேண்டுமென்று கேட்டோம். எதற்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அவர் எடுத்துக் கொடுத்த சீசாவின் மேல் 2,4-டி என்று எழுதியிருந்தது. அன்று மாலையே, காற்று வீசிக்கொண்டிருந்ததையும் பொருட்படுத்தாமல், பூப்பாத்தி முழுவதும் தெளித்தோம். மறுநாளே சாமந்தியின் தண்டுகள் கொக்கிபோல் வளைந்தன. பத்தாம் நாள் பூச்செடிகள் எல்லாம் போயின. நாம் எதை ஒழிக்க விரும்பினோமோ அந்த அறுகும் கோரையும், போட்டியாளர் ஒழிந்த மகிழ்ச்சியில், முன்னிலும் செழிப்பாக நின்றன. இத்துடன் முடியவில்லை. சுவருக்கு அப்பால் அண்டை வீட்டு மராட்டிய அம்மாள் வளர்த்து வந்த தக்காளிச் செடிகளின் இலைகளும் முறுக்கிக்கொண்டன. அந்த அம்மாள் நம்மிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுதோறும் அவர் வீட்டிலிருந்து வரும் தக்காளிக் கூடை அவ்வாண்டு வரவில்லை.

தவறு எங்கே நேர்ந்தது? சொல்லிலேயே நேர்ந்தது. ஹிந்தியில் ‘காஸ்’ என்பது தரையில் முளைக்கும் பச்சை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்போல் வழங்குகிறது. இங்கே வயல் வரப்பிலும் ரயில் பாதையோரத்திலும் எங்கும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தைக் ‘காஜர் காஸ்’ என்கிறார்கள். காரட் இலைபோன்ற இலையுடைய அச்செடி புல்லே அன்று. சாமந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கடைக்காரர் அதை நினைத்துத்தான் மருந்தைக் கொடுத்திருக்க வேண்டும். நாமும் தமிழில் ‘புல் பூண்டு’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். மருந்தோ அவற்றை வேறுபடுத்தி அறிகிறது. தேர்ந்து கொல்லும் களைக்கொல்லி என்று பெயர் பெற்ற மருந்துகள் எல்லாம் செடியின் ஜாதியைத் தேர்கின்றனவேயன்றி, நமக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்பதைத் தேர்வதில்லை. இந்த ஒன்றை அறிந்திருந்தால் நம் சாமந்தி பிழைத்திருக்கும்.

இதில் வெட்கத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. களைகளுக்கென்றே மத்திய அரசு 1989இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் நம் ஜபல்பூரிலேயே, ஆதார்தால் பக்கத்தில் இருக்கிறது. அவ்வூரில் குடியிருந்துகொண்டு, சீசாவின் மேலுள்ள எழுத்தைக்கூடப் படிக்காமல் மருந்து அடித்தோம்!

தோட்டத்துக் களைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும். முதலாவது அகன்ற இலைப் பூண்டுகள். பார்த்தீனியம், அம்மான் பச்சரிசி, வெட்டுக்காயப் பூண்டு, புளியாரை, மூக்கிரட்டை முதலியவை இவ்வகை. இரண்டாவது உண்மையான புற்கள். அறுகு, காக்காய்க்கால் புல் போன்றவற்றின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். தண்டில் கணு உண்டு. மூன்றாவது கோரை. பார்வைக்குப் புல்லேதான், ஆனால் தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். இங்குள்ளோர் இதை ‘மோத்தா’ என்பர். ஒரு நிமிஷத்தில் செய்யக்கூடிய இந்தச் சோதனையைச் செய்யாதவர் மருந்துக் கடைப் பக்கமே போகலாகாது என்பது நம் துணிபு.

நாம் வாங்கிய 2,4-டி முதல் வகைக்கு உரியது. செடிகளில் இயற்கையாகச் சுரக்கும் வளர்ச்சிப் பொருளைப்போலவே நடிப்பது அதன் தொழில். 1940களில் கண்டறியப்பட்டு, இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் விற்பனைக்கு வந்தது. அகன்ற இலைச் செடி அதை உறிஞ்சியதும் கட்டுக்கடங்காமல் வளர முற்பட்டு, முறுக்கி, வளைந்து, குழாய்கள் அடைபட்டு மடிகிறது. புல்லுக்கு அவ்வளவு தீங்கில்லை. ஆகவே அறுகம்புல் தரையில் முளைத்த பூண்டுகளை ஒழிக்க இது பயன்படும். பூப்பாத்தியிலோ அதன் வாசனையும் ஆகாது. தக்காளி, பருத்தி, திராட்சை ஆகியவை இதற்கு மிக எளிதில் இரையாகும். இதன் எஸ்டர் வகை ஆவியாகிப் பரவக்கூடியது. அமைன் உப்பு வகை அத்துணைப் பரவாது. இதற்குப் பயன்படுத்திய தெளிப்பானை எத்தனை முறை கழுவினாலும் பூச்செடிக்கு எடுத்துச் செல்லலாகாது. தனியே வைத்துக்கொள்வதே நலம். மருந்து அடித்த புல்தரையிலிருந்து வெட்டிய புல்லை எருக்குழியில் போட்டால், அந்த எருவே பின்னர் காய்கறிச் செடிகளைக் கெடுக்கும்.

இனி, நம்மவர் பெரும்பாலோரின் குறையாகிய பூப்பாத்தியில் புல் என்பதற்கு வருவோம். இதற்கு நேர் எதிரான மருந்து தேவை. குவிசலோபாப் எத்தில் என்பது அத்தகையது. ஜபல்பூரைச் சுற்றியுள்ள சோயா விவசாயிகளுக்கு இது நன்கு பழக்கமானது. புற்களில் கொழுப்புச் சத்து உண்டாவதற்கு உதவும் ஒரு நொதியை இது முடக்குகிறது. அகன்ற இலைச் செடிகளின் நொதி வேறு அமைப்புடையதாதலால் அவை தப்பிவிடுகின்றன. அடித்த மறுநாள் ஒன்றும் தெரியாது. ‘மருந்து பலிக்கவில்லை’ என்று மீண்டும் அடித்துவிடும் அவசரக்காரர் பலர். ஒரு வாரம் பொறுத்து நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால், அடி அழுகிச் சுலபமாகக் கையோடு வந்துவிடும். இலைகள் ஊதா நிறம் கொள்ளும். இரண்டு மூன்று வாரத்தில் புல் காய்ந்துவிடும். 5 சதவீத வீரியமுள்ள மருந்தைச் சோயா வயலுக்கு எக்டேருக்கு 1 லிட்டர் வரை பயன்படுத்துகின்றனர். அக்கணக்கில் 10 சதுர மீட்டர் பாத்திக்கு 1 மில்லி லிட்டர் மருந்தும் அரை லிட்டர் நீருமே ஆகும். ‘ஒரு மூடி ஊற்றினேன்’ என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க. மருத்துவர் தரும் ஊசிக்குழலே இதற்கு ஏற்ற அளவுகோல். ஆனால் அதைப் பின்னர் வேறு எதற்கும் எடுக்கலாகாது.

சீட்டில் குறிக்கப்பட்டிருப்பவை வயற் பயிர்களே. நம் பூச்செடிகளின் பெயர் அதில் இராது. ஆகையால் முதலில் ஒரு செடியைச் சுற்றி மட்டும் அடித்து, இரண்டு வாரம் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்ல வேண்டும். மற்றொன்றும் சொல்லவேண்டும். பொங்கலுக்கென்று நம்மவர் கொல்லையில் வைத்திருக்கும் கரும்பும் புல் ஜாதியே. எலுமிச்சம்புல், வெட்டிவேர், மூங்கில், மக்காச்சோளம் எல்லாம் அவ்வினமே. பாத்தியின் ஓரத்தில் இவை நின்றால் இம்மருந்தை மறந்துவிடுங்கள். அறுகு ஒரே முறையில் ஒழியாது. மண்ணுக்குள் தண்டோடிப் படர்வதால் மீண்டும் துளிர்க்கும். துளிர்த்தபின் மற்றொரு முறை தேவைப்படும்.

கோரைக்கு மேற்சொன்ன குவிசலோபாப் சிறிதும் உதவாது. உலகின் மிகக் கொடிய களைகளை 1977இல் ஒரு நூலாகத் தொகுத்த அறிஞர்கள் கோரைக்கு முதலிடம் கொடுத்தனர். இரண்டாம் இடம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? நாம் அருமையாக வளர்த்துப் புல்தரையாக்கி அமர்ந்து பேசும் அறுகுக்கே! கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் ஜெபமாலைபோல் கோத்திருக்கும். கொத்தினால் ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். ஹாலோசல்ஃபியூரான் மீத்தைல் என்ற மருந்து இதற்குண்டு. 75 சதவீத வீரியமுள்ள அத்தூளைக் கரும்புத் தோட்டத்தில் எக்டேருக்கு 90 கிராம் வீதம் இடுகின்றனர். நம் வாசலிலுள்ள சிறு தரைக்கு அது சில உப்புக்கல் அளவே ஆகும். வீட்டில் அதை நிறுக்கத் தராசு ஏது? அன்றியும் பூச்செடிகளுக்கு அது பகை. இரண்டு மழைக்காலம் விடாமல் கிழங்கோடு தோண்டி எடுப்பதையே நாம் செய்து வருகிறோம். நம் தந்தையார் அக்கிழங்குகளைக் கழுவிக் காயவைத்து, குளியல் மாவில் சேர்க்கக் கொடுத்தனுப்புகிறார் என்பது தனிக்கதை.

புல்தரையிலேயே வேறு புல் முளைத்தால் என் செய்வது என்பார் உளர். புல்லுக்குள் புல்லைப் பிரித்தறிந்து கொல்ல, வீட்டார் கையாளத்தக்க மருந்து எதையும் நாம் பரிந்துரைக்க மாட்டோம். விதை கட்டுமுன் கையால் பிடுங்குவதே வழி.

தந்தையார் பேச்சு வந்ததால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கும்பகோணம் பக்கத்திலிருந்து நம்மோடு வந்து தங்கியிருக்கும் அவர், காலைதோறும் அறுகம்புல் சாறு அருந்துபவர். சாமந்தி போனதற்கு அடுத்த ஆண்டு, படித்துத் தேர்ந்துவிட்ட பெருமிதத்துடன், பாத்தியின் ஓரத்து அறுகுக்குச் சரியான மருந்தைச் சரியான அளவில் ஒரு சனிக்கிழமை மாலை அடித்தோம். வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் அவர் ஒரு கிண்ணத்துடன் அங்கேதான் குனிந்திருந்தார். வெட்டப்படாமல் நீண்டு வளர்ந்த தளிர் அங்கேதானே கிடைக்கும்! முதல் நாள் நாம் தெளிப்பானைக் கழுவியதை நம் இல்லாள் கண்டிருந்ததால், ஓடிச்சென்று கிண்ணத்தைப் பறித்துக் கொட்டினாள். அவள் பார்த்திராவிடில் என்ன ஆகியிருக்குமோ? விநாயக சதுர்த்தியன்று 21 அறுகுக்காக அண்டை வீட்டு மராட்டியக் குழந்தைகள் வருவதும் இதே ஓரத்துக்குத்தான். கீழாநெல்லியும் மூக்கிரட்டையும் பொன்னாங்கண்ணியும் பறிக்க நம் பெண்டிர் வருவதும் இதே புல்தரைக்குத்தான். விதேச முறையில் எழுதப்பட்ட தோட்டக் குறிப்புகளில் ‘குழந்தைகளையும் நாயையும் காயும்வரை விடாதீர்கள்’ என்று மட்டும் இருக்கும். நம் வீடுகளுக்கு அது போதாது. நாம் தின்பதும் பூஜைக்கு எடுப்பதும் களை என்று பெயர் பெற்றவற்றையே அல்லவா? மருந்து அடித்த இடத்தில் குச்சி நட்டுக் கயிறு கட்டி, அண்டை அயலார்க்கும் சொல்லிவிட வேண்டும். அவ்விடத்திலிருந்து இலையோ தளிரோ பிறகு உணவுக்கு எடுக்கவே கூடாது.

சீசாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1971ஆம் ஆண்டு விதிகளின்படி சீட்டில் உள்ள சாய்சதுரத்தின் நிறமே நஞ்சின் கடுமையைக் காட்டும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. ஆயினும் நிறத்தை மட்டும் நம்பலாகாது. பாராகுவாட் என்ற மருந்து எந்த நிறத்தில் வந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். விழுங்கினால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. அது தேர்ந்து கொல்வதும் இல்லை. பட்ட பசுமையெல்லாம் கருகும். கிளைபோசேட்டும் எதையும் விடாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சி ஒழிப்புத் தொழில் உரிமம் பெற்றவர்கள் வழியாகவே அதைப் பயன்படுத்தவேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தது. இருப்புப் பாதையில் கருங்கற்களுக்கிடையே ஒரு பசுமையும் நிற்கலாகாது. அங்கே அனைத்தையும் கொல்லும் மருந்துக்கு நியாயம் உண்டு. பாதையில் அடித்து மிஞ்சியதை யாரேனும் சகாய விலைக்குக் கொடுத்தால், அதை வாங்கி ரோஜாவுக்கு அருகே கொண்டு செல்லாதீர்கள். குளிர்பான சீசாவில் மருந்தை ஊற்றி வைக்கும் வழக்கத்தையோ இன்றே விட்டொழிக்க வேண்டும்.

இப்போது நம் தோட்டத்தில் மருந்துக்கு வேலை குறைந்துவிட்டது. பாத்திக்கும் புல்தரைக்கும் இடையே ஒரு சாண் ஆழத்தில் பழைய செங்கற்களைச் செங்குத்தாகப் புதைத்தோம். அறுகின் ஓடுதண்டு எளிதில் தாண்டி வருவதில்லை. ரோஜாவின் அடியில் காய்ந்த சருகை நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்புகிறோம். சென்ற ஆவணியில் ஒரு மூலைக்கு மட்டும் 1 மில்லி லிட்டர் தேவைப்பட்டது. தந்தையாருக்கென்று அகலமான மண்தொட்டி ஒன்றில் அறுகு வளர்த்து, பின்கட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறோம். சதுர்த்தியன்று அண்டை வீட்டுக் குழந்தைகளும் அதிலிருந்தே கிள்ளிச் சென்றனர். தக்காளிக் கூடையும் இவ்வாண்டு வந்தது.