கார்டை மாற்றியும் காசு போகுது

கார்ட் டோக்கன் பற்றிப் போன எபிசோடில் கதைத்த பிறகு உங்களில் பல பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீர்கள். "ஒரு கம்பெனி கேட்காமல் என் கணக்கிலிருந்து காசு எடுத்தால், கார்டை கேன்சல் பண்ணிப் புதுசு எடுத்தால் சரிதானே?"

சரியில்லை. என் சின்னம்மாவுக்கு நடந்தது அதற்கு நல்ல உதாரணம். எழுதலாமோ என்று கேட்டேன். "எழுது, ஆனால் பெயரைப் போட்டிடாதே" என்றா.

அவ மில்டன் கீன்ஸில் ஒரு கேர் ஹோமில் இரவு வேலை செய்கிறா. போன வருடம் காரின் கியர்பாக்ஸ் போய்விட்டது, 900 பவுண்ட் தேவை. போடுகிற சீட்டு கைக்கு வர இன்னும் ஐந்து மாதம். மகன் யூனியில் படிக்கிறான், அவனிடம் கேட்க மனமில்லை. தெரிந்த தமிழ் ஆக்களிடம் கேட்டால் அடுத்த கலியாண வீட்டில் அதுதான் கதை. அதனால் ஒரு இரவு பிரேக்கில் போனை எடுத்து ஆன்லைன் லோன் தேடி, முதலில் வந்த வெப்சைட்டில் விண்ணப்பம் போட்டா.

அந்த வெப்சைட் கடன் கொடுக்கிற கம்பெனி இல்லை, ஒரு புரோக்கர். உங்கள் விவரத்தை வாங்கி வேறு கம்பெனிகளுக்கு அனுப்புவதுதான் அதன் தொழில். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, "புரோக்கர்" என்ற சொல் பக்கத்தின் அடியில் சாம்பல் நிற எழுத்தில் இருக்கும். சம்பளம், வாடகை, பிறந்த திகதி, சோர்ட் கோட், கணக்கு இலக்கம் எல்லாம் கேட்டது. கடைசியில் "கணக்கை உறுதிப்படுத்த" என்று சொல்லி டெபிட் கார்டின் நீண்ட இலக்கத்தையும் கேட்டது. கடன் காசு உங்கள் கணக்குக்கு வர சோர்ட் கோடும் கணக்கு இலக்கமும் போதும். நேர்மையான கடன் கம்பெனியும் கார்ட் இலக்கம் கேட்பதுண்டு, ஆனால் தவணையைத் திருப்பி எடுப்பதற்காக, அதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டுக் கேட்கும். கடன் கிடைக்குமா என்றே தெரியாத நேரத்தில் ஒரு புரோக்கருக்கு அது எதற்கு?

இலக்கத்தைப் போட்டதும் வங்கி ஆப்பில் ஒரு அறிவிப்பு வந்தது. தொகை 0.00 பவுண்ட், சம்மதமா? சின்னம்மா சம்மதம் கொடுத்தா. பூச்சியம் பவுண்டுக்கு யார் மாட்டேன் என்பார்கள்?

கடன் கிடைக்கவில்லை. நாலாம் நாள் கணக்கிலிருந்து 54.90 பவுண்ட் போனது. ஸ்டேட்மென்டில் இருந்த பெயருக்கும் அந்த வெப்சைட்டின் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாதம் திரும்பியதும் இன்னொரு 54.90. அவ தன்பாட்டில் வங்கிக்குப் போன் எடுத்து, "இதை நிப்பாட்டுங்கோ" என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறா. அவர்கள் செய்தது பழைய கார்டை முடக்கிப் புதுக் கார்ட் அனுப்பியது. மூன்றாம் மாதம் 54.90 புதுக் கார்டிலிருந்து போனது. அதனால் கவுன்சில் டாக்ஸ் டைரக்ட் டெபிட்டும் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் எடுத்தா. "தம்பி, இவங்களுக்கு என்ரை புதுக் கார்ட் நம்பர் எப்பிடித் தெரியும்?"

இது நல்ல கேள்வி. எங்கள் தொழிலில் இருக்கிற பல பேருக்கே பதில் தெரியாது.

டைரக்ட் டெபிட் உங்கள் கணக்கு இலக்கத்தில் ஓடுவது. ஆப்பில் அதற்கென ஒரு பட்டியல் உண்டு, நீங்களே அழிக்கலாம். பிழையாகக் காசு எடுத்தால் டைரக்ட் டெபிட் உத்தரவாதத்தின்படி வங்கி உடனே திருப்பித் தர வேண்டும். ஆனால் கார்டின் நீண்ட இலக்கத்தைக் கொடுத்து வருவது வேறு சாமான். பிரித்தானியாவில் அதன் பெயர் கன்டினியுவஸ் பேமென்ட் அதோரிட்டி, சுருக்கமாக சி.பி.ஏ. ஜிம், ஸ்ட்ரீமிங், ஆப் சந்தா என்று நாங்கள் கட்டுகிற பாதி இதில்தான் ஓடுகிறது. இது டைரக்ட் டெபிட் பட்டியலில் வராது. இப்போது சில ஆப்களில் தனியாகக் காட்டுகிறார்கள், பலவற்றில் இல்லை.

முதல் தடவை மட்டும் உங்கள் சம்மதம் கேட்பார்கள், ஆப்பில் அல்லது ஓ.டி.பி.யில். அதற்குப் பிறகு வருவதெல்லாம் வியாபாரி தானே தொடங்குகிற பரிவர்த்தனை. நீங்கள் நித்திரையாக இருந்தாலும் ஓடும், ஓ.டி.பி. வராது. நெட்ஃபிளிக்ஸ் ஒவ்வொரு மாதமும் உங்களை எழுப்பாமல் இருப்பது இதனால்தான். அந்த 0.00 பவுண்ட் அறிவிப்பு இந்தக் கதவைத் திறக்கிற சாவியாகப் பாவிக்கப்பட்டது.

புதுக் கார்ட்? விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் அப்டேட்டர் என்று ஒரு சேவை இருக்கிறது. வங்கி புதுக் கார்ட் கொடுத்தால், பழைய இலக்கத்தைச் சேமித்து வைத்திருக்கிற வியாபாரிக்குப் புது விவரம் போய்ச் சேரும். கார்ட் காலாவதியானால் உங்கள் சந்தாக்கள் அறுந்து போகக் கூடாது என்பதற்காகக் கட்டியது. வசதிதான். நல்ல வியாபாரி யார், கெட்ட வியாபாரி யார் என்று அந்த சிஸ்டம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். சின்னம்மாவுக்கு நான் சொன்னது: "நீங்கள் பூட்டை மாத்தினீங்கள், பாங்க் புதுத் திறப்பையும் அவங்களுக்கே அனுப்பி வைச்சிட்டுது." சிரிச்சா. மூன்று மாதத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நிறுத்த வேண்டியது கார்டை அல்ல, சம்மதத்தை. வங்கியிடம் "இந்த வியாபாரிக்கு நான் கொடுத்த சி.பி.ஏ. சம்மதத்தை விலக்கிக்கொள்கிறேன், இனி வருகிற எதையும் விடாதீர்கள்" என்று சொல்ல வேண்டும். வங்கி அதைக் கேட்டே ஆக வேண்டும். "முதல் அந்தக் கம்பெனியோட கதையுங்கோ" என்று உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. சொன்ன பிறகும் காசு போனால் அது அனுமதியில்லாத பரிவர்த்தனை, வங்கி திருப்பித் தர வேண்டும்.

இனிப் போன காசு. இங்கேதான் உங்கள் வேலை வருகிறது. அம்மாவோ அப்பாவோ போனை நீட்டி, "இந்தா, நீ கதை" என்று சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே. நீங்கள் கதைக்கலாம், ஆனால் முதலில் கணக்குக்காரர் தன் குரலில் பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, உங்களுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். அம்மா மாதிரிக் குரலை மாற்றிக் கதைக்க வெளிக்கிட வேண்டாம். சும்மா சிரிப்புக்குச் சொல்லவில்லை, கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

போனின் மறுமுனையில் இருப்பவருக்கு முன்னால் ஒரு டிசிஷன் ட்ரீ. நீங்கள் சொல்கிற முதல் வசனம் எந்தக் கிளைக்குப் போவது என்று தீர்மானிக்கும். "ஒரு சந்தாவை கேன்சல் பண்ண வேணும்" என்றால் அது வியாபாரியோடுள்ள தகராறு, கிளை வேறு. "இந்தத் தொகைக்கு நான் சம்மதம் கொடுக்கவில்லை" என்றால் வேறு கிளை. பொய் சொல்லச் சொல்லவில்லை. சின்னம்மா கார்ட் இலக்கத்தைக் கொடுத்தது உண்மை, அதை மறைக்கவில்லை. 54.90க்கு ஓம் என்று சொல்லவில்லை என்பதும் உண்மை, அதைத்தான் முதலில் சொன்னோம்.

பதில் நான் எதிர்பார்த்த மாதிரியே வந்தது. "ஆப்பில் அப்ரூவ் பண்ணியிருக்கிறீர்கள், ஆகவே அனுமதித்த பரிவர்த்தனை." பெரும்பாலான ஆக்கள் இதோடு போனை வைத்துவிடுவார்கள். சின்னம்மாவும் என் கையைப் பிடித்து, "விடு ராசா, என்ரை பிழைதான்" என்றா. எனக்கு வந்த கோபம் வங்கியில் இல்லை, அந்த வசனத்தில். மூன்று மாதமாக அவவின் வாயை மூடி வைத்திருந்தது அதுதான்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டின் பேமென்ட் சர்வீசஸ் விதிகள் என்று ஒன்று இருக்கிறது. வாசிக்க அலுப்புத்தான், ஆனால் மூன்று இலக்கங்களை மட்டும் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். விதி 75: நீங்கள் சம்மதிக்கவில்லை என்றால், சம்மதித்தீர்கள் என்று நிரூபிப்பது வங்கியின் பொறுப்பு. கார்டோ ஆப்போ பாவிக்கப்பட்டதாகப் பதிவு இருப்பது மட்டும் அதற்குப் போதுமான ஆதாரமாக இருக்க வேண்டியதில்லை என்று அந்த விதியே சொல்கிறது. விதி 76: அனுமதியில்லாதது என்றால், சொன்ன அடுத்த வேலை நாள் முடிவதற்குள் காசு திரும்ப வேண்டும், மோசடி என்று வங்கி உங்களையே சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் தவிர. சொல்லத் தாமதிக்கக் கூடாது, எப்படியும் 13 மாதத்தைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது விதி 79. இதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சரி, சம்மதம் கொடுத்ததாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் சம்மதம் கொடுத்தபோது சரியான தொகை குறிப்பிடப்படவில்லை, எடுத்த தொகையும் நியாயமாக எதிர்பார்த்ததை விட அதிகம் என்றால், காசு எடுத்து 8 வாரத்துக்குள் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்கலாம். வங்கி 10 வேலை நாளுக்குள் தர வேண்டும், இல்லையென்றால் ஏன் தரவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். திரையில் இருந்தது 0.00. இதற்கு மேல் என்ன சொல்ல?

இவற்றுக்கு வெளியே சார்ஜ்பேக் இருக்கிறது. அது சட்டம் இல்லை, விசா, மாஸ்டர்கார்ட் ஆக்களின் சொந்த விதி. கால எல்லை பொதுவாக 120 நாள். டெபிட் கார்டுக்கும் உண்டு. கேட்டு வைப்பதில் நட்டமில்லை, ஆனால் வங்கி உங்களை அந்தப் பக்கம் மட்டும் தள்ளிவிட விடாதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் பழகின கதையாக இருக்கும். இரண்டுக்கும் தாய் பி.எஸ்.டி. 2 என்கிற அதே சட்டம்தான், 13 மாதமும் 8 வாரமும் அங்கேயும் அதே. கனடா, ஆஸ்திரேலியா ஆக்கள் தங்கள் நாட்டு விதியைத் தனியாகப் பாருங்கள்.

போனில் இதெல்லாம் எடுபடாது. முதலாவது அழைப்பிலேயே "இதை முறைப்பாடாகப் பதிவு செய்யுங்கள்" என்று கேட்டு இலக்கம் வாங்கினோம். பிறகு ஒரு பக்கக் கடிதம். மூன்று திகதி, மூன்று தொகை, 0.00 அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், மேலே சொன்ன மூன்று விதி. இரண்டாவது தடவை காசு போனபோது "நிப்பாட்டுங்கோ" என்று சொன்ன அழைப்பின் திகதியையும் நேரத்தையும் போனின் கால் ஹிஸ்டரியிலிருந்து எடுத்துப் போட்டோம். எங்களிடம் இருந்ததில் பலமான சாமான் அதுதான். அந்த அழைப்பு வங்கியிடம் பதிவாகியிருக்கும், அதற்குப் பிறகு போன மூன்றாவது 54.90க்கு சம்மதம் இருந்தது என்று யாராலும் சொல்ல ஏலாது. ஆங்கிலம் சரியில்லாத ஒரு மனுசி தன்பாட்டில் செய்த வேலை அது.

புரோக்கருக்கும் தனியாக எழுதினோம். 2015 ஜனவரி 2 முதல் இங்கே கடன் புரோக்கர்களுக்கு எஃப்.சி.ஏ. கடுமையான விதி வைத்திருக்கிறது. தாங்கள் யார், கடன் கொடுப்பவர்களா புரோக்கரா, கட்டணம் எவ்வளவு, எப்போது எடுப்பார்கள் என்று தெளிவாக அறிவித்து, வாடிக்கையாளர் அதை ஏற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பிய பிறகுதான் காசு எடுக்கலாம். "அந்த அறிவிப்பும் பதிலும் எங்கே, காட்டுங்கள்" என்று கேட்டோம். பதிலுக்கு வந்தது அது கட்டணம் இல்லை, "மெம்பர்ஷிப்" என்று ஒரு ஈமெயில். அதையும் வங்கிக்கே அனுப்பிவிட்டேன்.

பேமென்ட் சம்பந்தமான முறைப்பாட்டுக்கு வங்கி 15 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், விதிவிலக்கான நிலைமையில் 35. முடிவு பிடிக்கவில்லை என்றால் ஃபைனான்சியல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். இலவசம், வங்கியின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். "காசு வாங்கித் தருகிறோம், பங்கு தாருங்கள்" என்று வருகிற கம்பெனிகளைக் கிட்டவும் எடுக்க வேண்டாம். இப்படி ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டே அடுத்த அழைப்பு வரும். சின்னம்மாவுக்கு வந்தது, தன்னை வங்கி என்று சொல்லிக்கொண்டு. வைத்துவிட்டு 159க்கு அடிக்கச் சொல்லியிருந்தேன். இங்குள்ள பெரிய வங்கிகள் பெரும்பாலும் அந்த இலக்கத்தில் இருக்கின்றன. உண்மையான வங்கி யாரும் அவவைத் தேடவில்லை.

ஒம்புட்ஸ்மன் வரை போகத் தேவைப்படவில்லை. 11ஆம் வேலை நாள் கடிதம் வந்தது. பிழை என்று எங்கும் எழுதவில்லை, ஆனால் 164.70 பவுண்டும் கணக்குக்கு வந்துவிட்டது. மகனுக்கும் அன்று பின்னேரம் அவவே சொன்னா. அவன் கேட்டது, "ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்ல?" மட்டும்தான். கியர்பாக்ஸுக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து போட்டோம், சீட்டு விழுந்ததும் திருப்பித் தந்துவிட்டா, வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

மிச்சம் இருப்பது டேட்டா. புரோக்கரிடம் அவவைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேட்டோம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், பதில் 29ஆம் நாள் வந்தது. சம்பளம், வாடகை, பிறந்த திகதியோடு அந்த ஒரு விண்ணப்பம் போய்ச் சேர்ந்த கம்பெனிகள் பதினாலு. ஒவ்வொன்றுக்கும் அழிக்கச் சொல்லி மகன்தான் எழுதுகிறான். இதுவரை ஆறு முடிந்தது.