ஹிக்கரி: கொட்டையாகவே மண்ணில் இடுங்கள்

அமெரிக்காவின் கிழக்கு மாநிலக் காடுகளில் ஒரு மரம் தனியாகக் கண்ணில் படும். பட்டை முழுக்க நீளநீளமாகப் பெயர்ந்து, இரு நுனியும் விலகி, நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நோயில்லை, இயல்பே அதுதான். பெயர் ஷாக்பார்க் ஹிக்கரி. அந்தப் பட்டை இடுக்கில்தான் அருகிவரும் இந்தியானா வௌவால்கள் கோடையில் குட்டி வளர்க்கின்றன.

ஹிக்கரி என்ற பெயர் அந்த மண்ணின் பூர்வகுடிகள் தந்தது. வர்ஜீனியாப் பகுதியின் அல்கோன்கியன் மொழியில், இதன் கொட்டையை இடித்து நீர்விட்டு, நாம் தேங்காய்ப்பால் எடுப்பதுபோல எடுத்த பாலுக்கு வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. கோடாலிக்கும் சுத்தியலுக்கும் பிடி போட இதைவிட உறுதியான மரம் அங்கே அரிது.

இருந்தும் வீட்டுத் தோட்டங்களில் இதை யாரும் அவ்வளவாக நடுவதில்லை. காரணம் ஆணிவேர். முதல் மூன்று ஆண்டுகளில் வேர் 60 முதல் 90 சென்டிமீட்டர் ஆழம் இறங்கிவிடும். மேலே செடி வளர்ந்த மாதிரியே தெரியாது. பிடுங்கி நட்டால் வேர் அறுந்து பிழைப்பது கடினம். அதனால் நர்சரிகளில் கன்று கிடைப்பது அபூர்வம். என்னைக் கேட்டால், கன்று தேடி அலையவே வேண்டாம். மரம் நிற்கப்போகும் இடத்திலேயே கொட்டையை ஊன்றுவதுதான் சரி.

செப்டம்பர், அக்டோபரில் கொட்டை உதிரும். தடித்த மேல்தோல் நான்கு துண்டாகப் பிளந்து, உள்ளே வெளிர்நிறக் கொட்டை தெரியும். தோலை நீக்கி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதப்பது பெரும்பாலும் புழு துளைத்ததாகவோ உள்ளே பருப்பில்லாததாகவோ இருக்கும். மூழ்குவதை எடுத்து, இரண்டு அங்குல ஆழத்துக்குள் ஊன்றுங்கள். மூன்று நான்கு மாதம் ஈரக்குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். அங்கத்திய பனிக்காலமே அந்த வேலையைச் செய்துவிடும்.

இடத்தில் மட்டும் தாராளம் வேண்டும். 20 மீட்டருக்கு மேல் உயரும் மரம் இது. கார் நிறுத்துமிடம், கூரை இரண்டையும் விட்டுத் தள்ளி, நல்ல வெயிலில் வையுங்கள். நிறைவாகக் காய்க்க 40 ஆண்டு ஆகும். அதுவரை வெறும் மரமா என்றால், இல்லை. இலையுதிர் காலத்தில் மரம் முழுக்கப் பொன்மஞ்சளாகும். வெளிர்பச்சை லூனா அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு இந்த இலை உணவு.

நியூ ஜெர்சியிலும் ஒஹாயோவிலும் கொல்லையோடு வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த அக்டோபரில் மூழ்கிய கொட்டை நான்கை ஊன்றுங்கள். மேலே கம்பிவலை போட மறக்காதீர்கள். இல்லையென்றால் அணில் தோண்டிவிடும்.