விண்வெளித் தூசும் வெம்மைக் கதிரும்

மாலைக் கதிரவன் சிவனொளிபாத மலைப் பக்கமாகச் சாயும்பொழுது, நோர்வூட்டிலிருந்து நோக்குவோர்க்கு அது செந்நிறம் பூண்டு தோன்றும். காற்றும் அதிற் கலந்த நுண்துகள்களும் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்க, எஞ்சிய செவ்வொளியே கண்ணை எட்டுகின்றது. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. வெறுவெளி என எண்ணப்பட்ட அவ்விடத்தே தூசு பரந்து விண்மீனொளியை மங்கச் செய்கின்றதென்பதை 1930இல் ட்றம்ப்ளர் என்னும் அறிஞர் நிறுவினார். அத்தூசு யாது? எங்கே பிறந்தது? இவ்வினாக்களை ஆராய்வதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டோருள் இலங்கையர் ஒருவரும் உளர்.

சந்திரா விக்கிரமசிங்க 1939இல் கொழும்பிற் பிறந்தவர். றோயல் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பயின்று, கணிதத்திற் சிறப்புத் தேர்ச்சி எய்திக் கேம்பிறிட்ஜ் சென்றார். அங்கே பிரெட் ஹொயில் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார். விண்தூசு பனிக்கட்டித் துகள்களால் ஆயது என்பதே அக்காலத்து அறிஞர் பலரின் துணிபு. அதற்கு மாறாக, குளிர்ந்த காபன் விண்மீன்களிலே காரீயத் துகள்கள் உறைந்து வெளியேறுகின்றன என இருவரும் 1962இற் கூறினர். பென்சிலுக்குள் அமைவதும் இலங்கை மண்ணில் அகழப்படுவதுமாகிய காரீயமே அது. 1970இல் மேலும் ஒரு படி சென்று, சுப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்பிற் சிதறும் ஆவியும் விரிந்து குளிருங்கால் தூசாக உறையும் என்றனர்.

இத்தகைய கருத்துக்களைச் சோதிப்பதற்குக் கண் காணும் ஒளி மட்டும் போதாது. தேயிலைத் தொழிற்சாலை அடுப்பிற் பழுக்கக் காய்ந்த இரும்பு, செம்மை நீங்கிக் கறுத்த பின்னும், அருகே நீட்டிய கைக்கு வெம்மை தரும். கண்ணுக்குப் புலனாகாத அவ்வெம்மைக் கதிரே செங்கீழ்க் கதிர். 1800இல் வில்லியம் ஹேர்ஷல் கண்டறிந்தது. விண்தூசும் விண்மீனொளியை உட்கொண்டு, சற்றே வெம்மையுற்று, அக்கதிரை வெளிவிடுகின்றது. அதனைப் பகுத்து நோக்கின், ஒவ்வொரு பொருளும் தனக்குரிய அலைநீளத்திற் பதித்த அடையாளம் விளங்கும். எனினும், வளிமண்டல நீராவி செங்கீழ்க் கதிரிற் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆதலின் நோர்வூட்டைச் சூழ்ந்தவை போன்ற ஈரமலைகள் உயர்ந்து நின்றும் இவ்வாராய்ச்சிக்கு ஏற்றனவல்ல. வறண்ட மலைமுடியோ விண்வெளியோ வேண்டும்.

அக்கதிர் அளித்த சான்றுகள் கருதத்தக்கன. 1960களின் இறுதியில், குளிர்ந்த விண்மீன்களைச் சூழ்ந்த தூசிலே, 10 மைக்குரோன் அலைநீளத்தை அடுத்துச் சிலிக்கேற்றின் அடையாளம் காணப்பட்டது. காரீயத்தோடு கற்பொருளையும் சேர்த்தெண்ண வேண்டியதாயிற்று. 1987 பெப்ரவரியிற் பெரிய மகெல்லன் முகிலில் ஒரு விண்மீன் வெடித்தமை காணப்பட்டது. ஏறத்தாழ 500 நாட்களின் பின், அதன் ஒளி மங்கச் செங்கீழ்க் கதிர் மிகுந்தது. வெடித்த பொருளிலே தூசு உறைந்தமை இதனாற் புலனாயிற்று. ஹேர்ஷலின் பெயர் தாங்கிய விண்வெளித் தொலைநோக்கி கொண்டு பெற்ற முடிவு 2011இல் வெளியாயிற்று. அதன்படி, அங்கே சூரியனின் நிறையிற் சுமார் பாதியளவு தூசு, பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக் குளிரில் இருந்தது.

1973இல் விக்கிரமசிங்க கார்டிஃபிற் பேராசிரியரானார். பின்னர் அவரும் ஹொயிலும், விண்தூசிற் பெரும்பகுதி உலர்ந்த பற்றீரியாக்களே எனவும், உயிர் விண்ணிலிருந்தே பூமிக்கு வந்தது எனவும் வாதிட்டனர். பால்வீதி மையத் திசையிற் பெற்ற 3.4 மைக்குரோன் அடையாளத்தை அதற்குச் சான்றாகக் காட்டினர். காபனும் ஐதரசனும் பிணைந்த பல சேர்வைகள், உயிரின் தொடர்பின்றியே அவ்வடையாளத்தைத் தரவல்லன எனப் பிறர் மறுத்தனர். தூசிலே காபன் சேர்வைகள் உண்டென்பது நிலைபெற்றது. பற்றீரியாக் கொள்கையை வானியலார் ஏற்றிலர்.

இங்ஙனம் ஒரே கதிர் ஓர் அறிஞரின் கருத்துக்களுள் ஒன்றை நிலைநாட்டிற்று, ஒன்றைத் திருத்திற்று, ஒன்றை ஐயத்தில் விட்டது. துணிந்து கருத்துரைத்தல் ஆய்வாளர்க்கு அழகு; அதன் உண்மையைத் தீர்ப்பது சான்றின் கடன். விஞ்ஞானம் பயிலும் மாணாக்கர் இவ்விரண்டையும் ஒருங்கே போற்றுதல் தகும்.